எள்ளலும் திறனாய்வும்: தேனி வட்டாரத் திரைப்படங்களை முன்வைத்து இணையப் பகடிக் காணொளிகள் குறித்த மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படங்களை எள்ளி நகையாடும் இணையக் காணொளிகளைத் திறனாய்வாகக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் எள்ளல், அங்கதம் ஆகிய கருத்துகள் அளவுகோலாகவும், தேனி, கம்பம் பள்ளத்தாக்கு சார்ந்த திரைப்படங்கள் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன. பகடி ஒரு படைப்பின் வாய்பாட்டை வெளிப்படுத்தும் அளவில் திறனாய்வாகிறது; எனினும், வாய்பாட்டிற்கு அப்பாற்பட்டதை அதனால் அளக்க இயலாது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எள்ளல், அங்கதம், பகடி, திரைத் திறனாய்வு, கருத்தம்மா, தமிழ்ப்படம்.

முன்னுரை

பேச்சுவழக்கில் ‘கலாய்த்தல்’ எனப்படும் திரைப்படப் பகடிக்கு விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ பரவலான வடிவம் தந்தது. பின்னர் யூடியூப் வழி அது பெருகியது. இன்று இது இருவகையில் நிகழ்கிறது. ஒன்று, விமர்சகர் பார்வையாளர் முன் அமர்ந்து படத்தின் குறைகளை நகைச்சுவையோடு நேரே அடுக்குவது. மற்றொன்று, படத்தின் காட்சியையே மிகைப்படுத்தி நடித்துக் காட்டுவது.

இவற்றைத் திறனாய்வு எனக் கொள்வதா என்பது வெறும் பெயரிடல் சிக்கலன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திறனாய்வு அல்லது மதிப்புரைக்காக ஒரு படைப்பை நேர்மையாகக் கையாளுதலை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பகடி என்னும் சொல் அப்பிரிவில் இல்லை. ஆகவே, படக்காட்சிகளை எடுத்தாளும் காணொளி திறனாய்வா, அன்றா என்னும் வினா அதன் இருப்பையே தீர்மானிக்க வல்லது. படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் எனத் தயாரிப்பாளர் தரப்பு 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியதும், பொதுவான தடை விதிக்க நீதிமன்றம் இசையாததும் இங்கு நினைக்கத்தக்கன.

எள்ளலும் அங்கதமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. இவற்றுள் எள்ளல் முதலில் வைக்கப்பட்டுள்ளது. செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது முன்னையது. பழிப்பை மறைத்து மொழிவது பின்னையது.

மேற்கூறிய காணொளி வகைகள் இரண்டும் இப்பகுப்பில் பொருந்துகின்றன. நேரே குறைகூறும் காணொளி செம்பொருள் அங்கதத்தின்பாற்படும். நடித்துக் காட்டும் பகடியோ மூலப்படத்தைப் பின்பற்றுவது போலத் தோன்றிப் பழிப்பை உள்ளடக்குவதால் பழிகரப்பு அங்கதத்தின்பாற்படும். எனினும், அங்கதம் அனைத்தும் திறனாய்வாகிவிடாது. திறனாய்வுக்குத் தீர்ப்பு மட்டும் போதாது. அத்தீர்ப்புக்குப் படைப்பினுள்ளிருந்தே காரணம் காட்டப்பெறல் வேண்டும். அச்சிதழ்கள் வழங்கிய மதிப்பெண்களுக்கும் இது பொருந்தும். ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ (1977) படத்திற்கு 62.5 மதிப்பெண் வழங்கியது பலரும் அறிந்தது. அவ்வெண் ஒரு தீர்ப்பு; அதனுடன் அமைந்த காரண விளக்கமே திறனாய்வு. காரணமற்ற மதிப்பெண்ணும் காரணமற்ற ஏளனமும் ஒரே தன்மையன.

கருத்தம்மாவும் சினிமாபட்டியும்

தமிழில் கிராமியப் படத்திற்கு இலக்கணம் வகுத்தவராகக் கருதப்படும் பாரதிராஜா தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்தவர். அவர் இயக்கிய ‘கருத்தம்மா’ (1994) பெண் சிசுக்கொலையைப் பேசுகிறது. தேனியை அடுத்த உசிலம்பட்டி வட்டாரத்தில் இக்கொடுமை நிகழ்வது 1980களில் இதழ்கள் வழி வெளிப்பட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. ஆகவே, அப்படத்தின் பொருள் கற்பனையன்று, வட்டாரத்தின் துயரம்.

சி.எஸ். அமுதன் இயக்கிய ‘தமிழ்ப்படம்’ (2010) இணையப் பகடியின் முறைகளை முழுநீளப் படமாக விரித்தது எனலாம். அதன் தொடக்கத்தில் ‘சினிமாபட்டி’ என்னும் ஊரில் ஆண் குழந்தைகள் கொல்லப்படுகின்றன. சாவின் விளிம்பிலுள்ள பச்சிளங்குழந்தை தன்னைச் சென்னைக்கு அனுப்புமாறு பாட்டியிடம் வேண்டுகிறது. ‘கருத்தம்மா’வை நினைவூட்டும் இக்காட்சி பெண்ணின் இடத்தில் ஆணை வைக்கிறது.

இம்மாற்றம் ஒரு திறனாய்வுக் கருத்தைச் சொல்கிறது. சிசுவின் உயிர் ஊசலாடும் தருணம்கூடத் திரையில் நாயகன் தோன்றுவதற்கான முன்னுரையாகிவிடும் என்பதே அக்கருத்து. நகைக்கப்படுவது இறப்பன்று, அதனைப் பயன்கொள்ளும் திரை வாய்பாடு. பார்வையாளர் இதனைப் பிற படங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடியும். எனவே, இக்காட்சி திறனாய்வாகிறது.

எனினும், அதன் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. பெண் ஆணாக மாற்றப்பட்டவுடன் வரதட்சணை, வறுமை, பெண்ணைச் சுமையாகக் கருதும் மனநிலை ஆகிய காரணங்கள் அனைத்தும் காட்சியிலிருந்து நீங்கிவிடுகின்றன. அவை நீங்கியதனாலேயே சிரிப்பு இயலுகிறது. பகடி எதை நீக்கிவிட்டுச் சிரிக்கிறதோ, அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி அதற்கு இல்லை. ‘கருத்தம்மா’ சிசுக்கொலையை உண்மையாகச் சித்திரித்ததா என்னும் வினாவிற்குச் ‘சினிமாபட்டி’யில் விடை கிடையாது.

பகடி அளக்க இயலாதவை

லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இதற்கு எதிர்நிலைச் சான்று. தேனி மாவட்டத்தின் தமிழக, கேரள எல்லை மலைகளில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்க விழைகிறான். இறுதியில் காற்றாலைக் காவலாளியாகிறான். அறிமுகப் பாடல், வசன முழக்கம், பழிவாங்கல் முதலிய கூறுகளை அப்படம் தவிர்க்கிறது. பகடி மீள மீள வருவதையே பற்றிக்கொள்வது. மீள வராததன்முன் அதற்குப் பிடிமானம் இல்லை. இத்தகைய படத்தைக் கலாய்க்க முற்படின், எஞ்சுவன நடிகரின் தோற்றமும், படத்தின் மெதுவான நடையும், மாந்தர் பேசும் வட்டார வழக்குமே. அவற்றை நகைப்பது படைப்பைப் பற்றிய காரணம் எதனையும் தருவதில்லை. அஃது அம்மக்களை நகைப்பதாகவே முடியும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. எள்ளலின் இலக்கு படைப்பின் ஆக்கமுறையாக இருந்து, அதற்கான சான்று படைப்பினுள்ளேயே காட்டப்பெறின், பகடிக் காணொளி திறனாய்வாகும்.

2. நடிகரின் உடல், சாதி, வட்டார வழக்கு ஆகியவற்றை இலக்காகக் கொள்ளும் காணொளி அங்கதமாகலாம்; திறனாய்வாகாது.

3. குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுதியானதை அறிந்து கொள்க என்பது வள்ளுவர் காட்டும் நெறி. பகடி குற்றத்தை மட்டும் நாடுவதால் திறனாய்வின் ஒரு பகுதியையே நிறைவேற்றுகிறது.

ஆகவே, பகடிக் காணொளிகளைத் திறனாய்வுப் புலத்திலிருந்து முற்றாக விலக்குவதும், அவற்றையே முழுமையான திறனாய்வாகக் கொள்வதும் பொருந்தா. வாய்பாட்டுப் படங்களின் வெறுமையைப் பகடி விரைந்து உணர்த்துகிறது; ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ போன்ற படங்களின் நிறைவை எடுத்துரைக்கும் பணி காரணம் கூறும் திறனாய்வாளரிடமே எஞ்சியுள்ளது.