சுறாவைத் தாண்டிய ஃபான்ஸ்



ஒரு சிரிப்புத் தொடர் நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். ஊரே அதைப் பத்திப் பேசும். அஞ்சாறு வருஷம் ஆனதும் பார்க்கிறவங்க கொஞ்சம் கொஞ்சமா கழண்டுக்குவாங்க. அதே வீடு, அதே நடிகர்கள்தான். அப்புறம் ஏன் இப்படி? "போரடிச்சிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் ஏன் போரடித்தது என்பதுதானே கேள்வி! இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம், அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் 1974 முதல் 1984 வரை, 11 சீசன்களாக, 255 பாகங்கள் வந்த 'ஹேப்பி டேஸ்'.

கதை 1950-களில், மில்வாக்கி என்ற ஊரில் நடக்கிறது. ரிச்சி என்ற நல்ல பையன்தான் நாயகன். (அவனாக நடித்த ரான் ஹோவர்ட் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய இயக்குநர் ஆனார்.) பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்ட மெக்கானிக் ஒருத்தனும் வருவான். பேரு ஃபான்ஸ். நடித்தவர் ஹென்றி விங்க்ளர். இவன் முதலில் ஓரத்தில் நிற்கிற ஆள்தான். தோல் ஜாக்கெட் போட்டால் ரவுடி மாதிரித் தெரியும் என்று நிறுவனமே பயந்தது. பைக் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் கண்டிஷன்! ஆனால் மக்கள் கைதட்டியது அவனுக்குத்தான். மூன்றாவது சீசனில் அவனை ரிச்சி வீட்டு கராஜ் மாடிக்கே குடிவைத்துவிட்டார்கள். 1976-77-இல் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் இதுதான்.

இங்கேயே சிக்கலும் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. ஓரத்தில் இருப்பவன் எப்போதாவது வந்து ஜூக்பாக்ஸை ஒரு தட்டுத் தட்டிப் பாட வைத்தால் சிரிப்பு வரும். அவனே நடுவில் வந்துவிட்டால், வாராவாரம் அவனுக்கு ஒரு சாகசம் வேண்டும். போன வாரத்தைவிடப் பெரிய சாகசமாகவும் இருக்க வேண்டும். 1975-இல் பைக்கில் 14 குப்பைத் தொட்டிகளைத் தாண்டினான். 1977 செப்டம்பரில், ஐந்தாவது சீசன் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவில் தண்ணீர்ச் சறுக்குக் கட்டையில் போய், அடைத்து வைத்திருந்த சுறாவையே தாண்டினான். நீச்சல் டவுசர், மேலே அதே தோல் ஜாக்கெட்!

1980-களில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், ஒரு தொடர் கெட்டுப்போகிற நேரத்துக்கு 'சுறாவைத் தாண்டுதல்' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

சரி, நிஜமாவே சுறாதான் காரணமா? பக்கத்தில் வரைந்திருக்கும் கோட்டுப்படத்தைப் பாருங்க. வரிசை எண் 1 மேலே இருக்கிறது, கீழே போகப் போக இறக்கம். சுறா வந்த 1977-78 சீசனில் தொடர் இரண்டாம் இடம். அடுத்த சீசனிலும் முதல் ஐந்துக்குள்தான். 1979-80-இல்தான் தடாலென்று 17-க்கு விழுகிறது. சுறாதான் கொன்றது என்றால் அது ரெண்டு வருஷம் கழிச்சா கடிக்கும்? ரிச்சி போனதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் நிரந்தரமாக விலகியது 1980-இல், அதாவது விழுந்ததற்குப் பிறகு. அவர் போனபின் இரண்டு சீசன்கள் தொடர் 15-க்கும் 20-க்கும் நடுவில் அப்படியே நின்றது. இறங்கவில்லை. (படம் வரையாம இருந்திருந்தா இது கண்ணுல பட்டிருக்காது. கணக்கு டீச்சருக்கு நன்றி.)

அதனால் ஒரே காட்சி மேலோ ஒரே ஆள் மேலோ பழியைப் போட முடியாது. உள்ளுக்குள்ளேயே ஒண்ணு தேய்ஞ்சுக்கிட்டு வந்தது. ஃபான்ஸைப் பாருங்கள். பள்ளியை விட்டவன் நான்காவது சீசனில் டிப்ளோமா வாங்கினான். பிறகு அதே பள்ளியில் மோட்டார் பாடம் எடுக்கும் ஆசிரியரே ஆனான்! மனிதனாகப் பார்த்தால் சந்தோஷம்தான். ஆனால் ரவுடி போலத் தெரியும் ஒருவன் நல்ல குடும்பத்தின் நடுவே நிற்பதில்தான் சிரிப்பே இருந்தது. அந்த முரண்பாடு தீர்ந்ததும் சிரிப்பும் தீர்ந்தது. நாடகங்களில் பிரச்சினை தீர்ந்தால் திரை விழும். தொடரில் திரை விழாது, அடுத்த செவ்வாய்க்கிழமை வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜாக்கெட் ஒன்று 1980-லேயே வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. தொடர் அதுக்கப்புறமும் நாலு வருஷம் ஓடிச்சு!

வெளியிலும் காரணம் உண்டு. 1979-லிருந்தே பழைய பாகங்களை வேறு நேரத்தில் தினமும் மறுஒளிபரப்பு செய்தார்கள். நல்ல பழைய ஃபான்ஸ் தினமும் வீட்டுக்கு வரும்போது, களைத்துப்போன புது ஃபான்ஸுக்காக யார் காத்திருப்பார்கள்? தொடர் தன்னோடு தானே போட்டி போட்டது. 1983 தொடக்கத்தில் என்பிசி அதே செவ்வாய் இரவு 8 மணிக்கு 'தி ஏ-டீம்' என்ற அடிதடித் தொடரைக் கொண்டுவந்தது. கடைசி சீசனில் ஹேப்பி டேஸ் 60-க்கும் கீழே போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் ஏன் முன்பே நிறுத்தவில்லை? பணம்! அமெரிக்காவில் ஏறக்குறைய 100 பாகம் சேர்ந்தால் மறுஒளிபரப்புக்கு விற்கலாம் என்பது கணக்கு. சேரச் சேர லாபம். பிரிட்டனின் 'ஃபால்டி டவர்ஸ்' 1975-லும் 1979-லுமாக மொத்தமே 12 பாகங்கள்தான். அதில் களைப்பதற்கு நேரமே இல்லை. 'ஐ லவ் லூசி' 1957-லும் 'சைன்ஃபெல்ட்' 1998-லும் முதலிடத்தில் இருக்கும்போதே நிறுத்தப்பட்டன.

ஆள் மாறியும் தாக்குப்பிடித்தது 'சியர்ஸ்'. 1987-இல் நாயகியாக நடித்த ஷெல்லி லாங் விலகினார். ஆனாலும் 1990-91-இல் அது முதலிடம் பிடித்தது! அங்கே கதையின் நடு, ஒரு மதுக்கடை. கடைக்கு யார் வேண்டுமானாலும் புதிதாக வரலாம். ஹேப்பி டேஸில் நடு, ஒரு மனிதனும் அவன் ஜாக்கெட்டும்.

சுறாப் பாகத்தை எழுதிய ஃப்ரெட் ஃபாக்ஸ் ஜூனியர், 2010-இல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் பத்திரிகையில் தன் பக்க நியாயத்தை எழுதினார். அந்தப் பாகத்தை 3 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், அதன் பிறகும் தொடர் பல வருஷம் ஓடியது என்பது அவர் வாதம். கோட்டுப்படமும் அவர் பக்கம்தான் பேசுது. ஆனா பேரு மட்டும் சுறா மேலேயே ஒட்டிக்கிச்சு.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு