பட்டியலில் இருந்து உங்கள் பக்கம்: எண்ணைப் பார்த்துத் திறப்போம்



கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போறீங்க. "என் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கணக்காளரிடம் கேட்கிறீங்க. அவர் கணினியைத் தட்டுகிறார். முதலில் ஒரு பெயர்ப் பட்டியல் வருகிறது. அதில் உங்கள் பெயர் உள்ள வரியைத் தட்டியதும், உங்களுக்கென்று தனிப் பக்கம் ஒன்று திறக்கிறது. சேமிப்பு, கடன், தவணை எல்லாம் அதில் இருக்கிறது.

பட்டியலில் இருந்து தனிப் பக்கத்தைத் திறக்கும் இந்த வேலையைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். கணினியில் பதிவு செய்யும் பெண்கள் மட்டும் இதைத் தெரிந்துகொண்டால் போதாது. கணினியைத் தொடாத உறுப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்று போகப் போகப் பாருங்கள்.

நமக்குப் பழகிய முறைதான்

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஐஃபாட் நிதி உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. பிறகு சேலம் மாவட்டத்துக்கும் அது வந்தது. நம் நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தக் காலம் தொட்டு நமக்குப் புத்தகக் கணக்குதான். உறுப்பினர் பதிவேட்டில் எல்லோர் பெயரும் வரிசையாக இருக்கும். ஒவ்வொருவரின் கடன் விவரம் பேரேட்டில் தனித்தனிப் பக்கத்தில் இருக்கும். பெயருக்கு எதிரே "பேரேட்டுப் பக்கம் 24" என்று எழுதி வைத்தால், விரலை வைத்துப் பார்த்து அந்தப் பக்கத்தைப் புரட்டுவோம்.

கணினியும் இதையேதான் செய்கிறது. அதில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டேபிள் என்றால் அட்டவணை. எல்லா விவரமும் சேர்ந்து கிடக்கும் இடம். நம் குதிர் மாதிரி.

ரெக்கார்ட் என்றால் பதிவு. ஒரு உறுப்பினருக்கு ஒரு பதிவு.

ஃபார்ம் என்றால் படிவம். அட்டவணையில் உள்ளதைப் பார்க்கவும் எழுதவும் வைத்திருக்கும் ஜன்னல்.

படிவம் இரண்டு வகையாக இருக்கும். ஒன்று பட்டியல் படிவம்: ஒரு ஆளுக்கு ஒரு வரி, நாலைந்து விவரம் மட்டும். தேடுவதற்கு இது வசதி. இன்னொன்று விவரப் படிவம்: ஒரே ஆள், முழு விவரம். பார்க்கவும் திருத்தவும் இது வசதி. மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற மென்பொருள் 1992-ல் வந்தது. அதில் இந்த இரண்டு படிவத்தையும் நாமே செய்துகொள்ளலாம். லிபர் ஆபீஸ் பேஸ் என்பது காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள். அதிலும் அட்டவணை, படிவம் உண்டு.

பெயர் போதுமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பட்டியலில் ஒரு வரியைத் தட்டினால், எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நாம் ஏதாவது ஒரு அடையாளம் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் போதுமா?

நம் மலையில் யாராவது "சாமை விதை வேணும்" என்று கேட்டால் நாம் சும்மா எடுத்துக் கொடுப்போமா? "எந்தச் சாமை?" என்று கேட்போம். வெள்ளப்பெருஞ்சாமையா, சடஞ்சாமையா, மல்லியச்சாமையா, கட்டவெட்டிச்சாமையா? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலை மக்களோடு சேர்ந்து விதை வங்கி வைத்தபோதும், இந்தப் பாரம்பரிய ரகங்களை ஒன்றோடு ஒன்று கலக்காமல் காப்பதுதான் வேலையே. மேலே அடையாளம் இல்லாமல் குதிருக்குள் போட்டுவிட்டால் எல்லாம் சாமைதான்.

பெயரும் அப்படித்தான். செல்லம்மாள், பாப்பாத்தி, சின்னம்மாள் என்ற பெயர்கள் நம் மலையில் எத்தனை வீட்டில் இருக்கின்றன! மாசி பெரியண்ணசாமி குடிகொண்ட மலை இது. அதனால் ஆண்களில் பெரியசாமியும் பெரியண்ணனும் ஏராளம். "கணவர் பெயரையும் சேர்த்துப் பார்த்தால் தெரிஞ்சிடுமே" என்று சொல்ல முடியாதுங்க.

அதனால்தான் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு எண் கொடுக்கிறோம். ஒருமுறை கொடுத்த எண் மாறக் கூடாது. உறுப்பினர் விலகிப் போனாலும் அந்த எண்ணை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. அக்சஸில் "ஆட்டோநம்பர்" என்று வைத்தால் கணினியே இந்த எண்ணைப் போட்டுக் கொடுக்கும்.

மொத்தம் சரி, ஆள் தவறு

எண் மாறினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது பாடத்துக்காக நாங்கள் எழுதிய கணக்கு.

ஒரே குழுவில் இரண்டு செல்லம்மாள். இரண்டு பேர் கணவரும் பெரியசாமி. வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் பாருங்கள்.

உறுப்பினர் எண் 117: குச்சிக்கிழங்கு போட வாங்கிய கடனில் பாக்கி ரூ.1,000.

உறுப்பினர் எண் 124: மிளகுக் கொடிக்கு வாங்கிய கடனில் பாக்கி ரூ.3,600.

இருவர் பாக்கியும் சேர்த்து ரூ.4,600.

124-ஆம் எண் செல்லம்மாள் கூட்டத்தில் ரூ.600 தவணை கட்டுகிறார். ரொக்கப் புத்தகத்தில் வரவு ரூ.600 ஏறுகிறது. கணினியில் பதிவு செய்பவர் பெயரை மட்டும் பார்த்து 117-ஆம் எண்ணின் பக்கத்தில் அதை ஏற்றிவிடுகிறார்.

இப்போது கணினி காட்டுவது: 117-க்குப் பாக்கி ரூ.400, 124-க்குப் பாக்கி ரூ.3,600. மொத்தம் ரூ.4,000.

சரியாக இருக்க வேண்டியது: 117-க்கு ரூ.1,000, 124-க்கு ரூ.3,000. மொத்தம் அதே ரூ.4,000.

கவனிச்சீங்களா? மொத்தம் சரியாக வருகிறது. ரொக்கமும் சரியாக இருக்கிறது. குழுவின் மொத்தக் கணக்கை மட்டும் பார்க்கிற தணிக்கையில் இந்தத் தவறு தெரியாது. ஆனால் பணம் கட்டிய அக்கா தவணை தவறியவர் ஆகிவிடுகிறார். அடுத்த கடன் கேட்கும்போது "உங்க தவணை நிக்குதே" என்று பேச்சு வரும். கட்டின பெண் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார வேண்டியது வரும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவருடைய தனிப் பக்கத்தைத் திறந்து, கையில் உள்ள பாஸ்புக்கோடு ஒத்துப் பார்ப்பதுதான்.

அக்சஸில் செய்யும் முறை

பதிவு வேலை செய்யும் சகோதரிகள் இதைப் படித்துக்கொண்டே செய்து பாருங்கள். உண்மைக் கணக்கில் செய்ய வேண்டாம். நகல் எடுத்து அதில் பழகுங்கள்.

1. பட்டியல் படிவத்திலும் விவரப் படிவத்திலும் உறுப்பினர் எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

2. பட்டியல் படிவத்தை "டிசைன் வியூ"வில் திறந்து, உறுப்பினர் வரி உள்ள பகுதியில் ஒரு பட்டனை வையுங்கள். உதவி செய்யும் விசார்ட் ஜன்னல் தானாக வரும்.

3. அதில் "ஃபார்ம் ஆபரேஷன்ஸ்" என்பதையும், அடுத்து "ஓப்பன் ஃபார்ம்" என்பதையும் எடுங்கள். திறக்க வேண்டிய விவரப் படிவத்தின் பெயரைக் காட்டுங்கள்.

4. இப்போது இரண்டு கேள்வி வரும். ஒன்று, குறிப்பிட்ட விவரத்தை மட்டும் கண்டுபிடித்துக் காட்டவா? மற்றது, எல்லாப் பதிவுகளையும் காட்டவா? முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவதை எடுத்தால், நீங்கள் யார் வரியைத் தட்டினாலும் படிவம் எல்லோரையும் சேர்த்துத் திறந்து முதல் ஆளிடம் போய் நிற்கும்.

5. அடுத்து இரண்டு பக்கமும் பெயர், எண் என்று வரிசை தெரியும். இடப்பக்கம் உறுப்பினர் எண், வலப்பக்கம் உறுப்பினர் எண். இரண்டையும் தேர்ந்தெடுத்து நடுவில் உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். இங்கே பெயரைப் பெயரோடு கோர்க்கக் கூடாது. கோர்த்தால் இரண்டு செல்லம்மாளும் சேர்ந்து திறப்பார்கள்.

6. பட்டன் மேல் "முழு விவரம்" என்று எழுதி முடித்துச் சேமியுங்கள்.

இனி எந்த வரியில் உள்ள பட்டனை அழுத்தினாலும் அந்த எண்ணுக்கு உரிய பக்கம் மட்டும் திறக்கும்.

திறந்ததும் கவனிக்க வேண்டியவை

படிவத்தின் அடியில் எத்தனை பதிவில் எத்தனையாவது என்று காட்டும். "1-இல் 1" என்று இருந்தால் ஒரே ஆள் பக்கம் திறந்திருக்கிறது. பக்கத்தில் "ஃபில்டர்ட்" என்று இருக்கும். வடிகட்டியது என்று பொருள். அந்தச் சொல்லைத் தட்டினால் வடிகட்டல் போய், எல்லாப் பதிவும் வந்துவிடும். அதைத் தொடாதீங்க.

பட்டியலில் வரிக்கு இடப்பக்கம் பென்சில் படம் தெரிந்தால், அந்த வரியில் எழுதியது இன்னும் சேமிக்கப்படவில்லை. புது உறுப்பினர் பெயரை எழுதிய உடனே "முழு விவரம்" பட்டனை அழுத்தினால் பக்கம் காலியாக வரக்கூடும். ஷிஃப்ட் விசையோடு என்ட்டர் விசையை அழுத்திச் சேமித்துவிட்டுத் திறங்கள்.

அக்சஸ் "சேமிக்கவா?" என்று நம்மைக் கேட்காது. படிவத்தை மூடினாலும், அடுத்த பதிவுக்குப் போனாலும் எழுதியதைத் தானே சேமித்துவிடும். தவறாகக் கை பட்டுவிட்டால் மூடுவதற்கு முன்பே எஸ்கேப் விசையை அழுத்துங்கள். முதல் அழுத்தத்தில் அந்தக் கட்டம் பழையபடி ஆகும். இரண்டாவது அழுத்தத்தில் அந்தப் பதிவு முழுதும் பழையபடி ஆகும்.

விவரப் பக்கத்தில் திருத்திவிட்டுப் பட்டியலுக்கு வந்தால் சில சமயம் பழைய தொகையே தெரியும். பயப்பட வேண்டாம். "ரெஃப்ரெஷ் ஆல்" பட்டனை அழுத்தினால் புதுத் தொகை வரும். தெரியவில்லையே என்று இரண்டாம் முறை தவணையை ஏற்றிவிடாதீங்க!

உறுப்பினர் கேட்க வேண்டிய நான்கு கேள்வி

உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. கையில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

என் உறுப்பினர் எண் என்ன? அதை என் பாஸ்புக் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

இப்போது திறந்திருக்கும் பக்கத்தில் அதே எண் இருக்கிறதா?

போன மாதம் நான் கட்டிய தவணை, கட்டிய தேதியோடு ஏறியிருக்கிறதா?

என் பாஸ்புக்கில் உள்ள பாக்கியும் கணினியில் உள்ள பாக்கியும் ஒன்றா?

வித்தியாசம் இருந்தால் சத்தமில்லாமல் அழித்து எழுதச் சம்மதிக்காதீர்கள். இரண்டு உறுப்பினரையும் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இரண்டு பேர் பக்கத்திலும் திருத்த வேண்டும்.

இன்னொன்று. தனிப் பக்கத்தில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்ற விவரங்கள் இருக்கும். உங்கள் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் பக்கத்தை வேடிக்கை பார்க்க உரிமை இல்லை. பொதுவில் காட்டுவதற்குப் பட்டியல் போதும். அதிலும் எண், பெயர், குழு, ஊர் என்று தேடுவதற்கு வேண்டியதை மட்டும் வைத்தால் நல்லது.

காலம் மாறினாலும்

2015-ல் நபார்டு வங்கி இ-சக்தி என்ற திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் தொடங்கி, குழுக் கணக்குகளை இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தது. இன்றைக்குக் கைபேசியிலேயே பதிவு செய்யும் முறையும் வந்துவிட்டது. எந்தக் கருவி வந்தாலும் முதலில் பட்டியல், பிறகு தனிப் பக்கம் என்ற முறை அதேதான். உங்கள் கைபேசியில் பெயரைத் தொட்டால் நம்பர் வருவதும் இந்த முறைதான். அங்கே ஆள் மாறினால் தவறான ஆளுக்கு அழைப்பு போகும், வைத்துவிடலாம். இங்கே ஆள் மாறினால் ஒரு பெண் கட்டிய பணம் போகும்.

குழுவில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில், நம் கூட்டமைப்பில் ஒரே பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர்?

2. எல்லோர் பாஸ்புக்கிலும் உறுப்பினர் எண் எழுதியிருக்கிறதா? ஊக்குநரும் பிரதிநிதிகளும் இந்த மாதக் கூட்டத்திலேயே பார்த்துவிடலாமா?

3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் பக்கத்தையும் திறந்து பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்கத் தீர்மானம் போடலாமா?

வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று எந்த நாட்டில் இருந்தாலும் சரி. அடுத்த முறை கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரும்போது பாஸ்புக்கை மறக்காமல் எடுத்துட்டு வாங்க. பெயரைச் சொல்வதற்கு முன்னால் எண்ணைச் சொல்லுங்க. உங்கள் பக்கத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்க.