வீட்டு வரியும் பள்ளிக்கூடமும்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் டாலஸ் பக்கம் வீடு தேடியபோது, அறைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே "இது எந்தப் பள்ளி மாவட்டம்?" என்று கேட்டானாமே. அதற்காகவே கூடுதல் விலையும் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறாய். அங்கே அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்பது உன் கேள்வி. அமெரிக்காவின் ஆட்சிமுறையும் பணமும் சமூக வாழ்க்கையும் ஒரே முடிச்சாகக் கிடக்கும் இடத்தில் கை வைத்திருக்கிறாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மத்திய அரசுக்கு என்று குறித்துத் தராத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது அதன் 10ஆவது திருத்தம். ஆகவே பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. ஹவாய் நீங்கலாக மற்ற மாநிலங்கள் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியை ஊர் மட்டத்துக்கு இறக்கிவிட்டன. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டம் என்றதும் நம் கலெக்டர் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளாதே. பல மாவட்டங்கள் ஒரு சிற்றூரின் அளவுதான். பெரும்பாலானவற்றில் ஊர்க்காரர்களே வாக்களித்து ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டெக்சாஸில் அந்த உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. புதுக் கட்டடத்துக்குக் கடன்பத்திரம் வெளியிட வேண்டுமானால் ஊரார் வாக்களித்து ஒப்ப வேண்டும். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று, இந்தச் செலவு ஏன் என்று கேட்கலாம். இது உண்மையிலேயே மதிக்கத்தக்க ஏற்பாடு. தன் பிள்ளையின் பள்ளிக்கூடம் தன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற உணர்வை அமெரிக்கர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது? மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டித்தான். மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர்ப் பங்கு என்பது பெரும்பாலும் வீடு, நிலம், கடைகள் மீது விதிக்கும் சொத்து வரி. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அது எப்படிப்பட்டது என்று பார்க்க, டெக்சாஸின் சான் அன்டோனியோ நகருக்கு வா.

அந்த நகரப் பகுதியில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1960களில் எட்ஜ்வுட்டில் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் மெக்சிக வம்சாவளியினர். அலமோ ஹைட்ஸ் அன்று பெரும்பாலும் வசதியான வெள்ளையர் பகுதி. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட்டில் இருந்த சொத்து மதிப்பைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட். ஏழை ஊர்தான் கூடுதல் விகிதத்தில் கட்டியது, கவனி. பள்ளிகளுக்கு மாநிலம் நடத்திய நிதித் திட்டத்துக்குச் சேர வேண்டிய உள்ளூர்ப் பங்கு போக, எட்ஜ்வுட்டின் கையில் நின்றது பிள்ளைக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். அந்த மாநிலத் திட்டம் முன்னதற்கு 222 டாலரும் பின்னதற்கு 225 டாலரும் கொடுத்தது. பள்ளத்தில் இருப்பவனுக்கும் மேட்டில் இருப்பவனுக்கும் ஒரே உயரத்தில் ஏணி கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மத்திய அரசு கொடுத்ததையும் சேர்த்தால்கூட 356 டாலருக்கு எதிரே 594 டாலர்.

இந்த மேடுபள்ளம் தானாக வந்ததும் அல்ல. மெக்சிகருக்கும் கறுப்பருக்கும் விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிய காலம் சான் அன்டோனியோவில் இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. அதற்குள் யார் எங்கே குடியிருப்பது என்பது முடிவாகிவிட்டது.

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். உன் வயதுப் பிள்ளைகள். இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கில் முதலில் நின்ற பெயர், விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ். கீழ் நீதிமன்றத்தில் 1971இல் வென்றார்கள். 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். நீதிபதியாவதற்கு முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர். கல்வி எவ்வளவு முக்கியமானாலும் அரசியல் சட்டம் காக்கும் உரிமைகளில் அது இல்லை, உள்ளூர் ஆட்சி காக்க வேண்டிய ஒன்று, மாற்றம் மாநிலச் சட்டமன்றங்களிலிருந்து வரட்டும் என்பது அவர் நிலை. எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். இனம் பிரித்த பள்ளிகளை ஒழித்த 1954 தீர்ப்புக்காக வழக்கறிஞராக நின்று வாதாடியவர் அவர்தான். கையில் வரி விதிக்கச் சொத்தே இல்லாத ஊருக்கு உள்ளூர் ஆட்சி என்ன தேர்வைத் தருகிறது என்ற அவர் வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பவலின் தீர்ப்பையும் நீ படிக்க வேண்டும். அவர் சொல்லும் உள்ளூர் ஆட்சி பொய்யல்ல. அது எட்ஜ்வுட்டுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

மத்திய நீதிமன்றத்தின் கதவு மூடியதும் போராட்டம் மாநிலங்களுக்குப் போயிற்று. கல்வியைப் பற்றி மாநில அரசியல் சட்டங்கள் பேசுகின்றன. திறம்பட இயங்கும் இலவசப் பொதுப் பள்ளிகளை நடத்த வேண்டும் என்று டெக்சாஸ் அரசியல் சட்டம் ஆணையிடுகிறது. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு எட்ஜ்வுட் 1984இல் மீண்டும் வழக்காடியது. ரோட்ரிகஸ் அதிலும் வாதி. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் நின்றார்கள். முதல் வழக்குப் போட்ட தலைமுறையின் பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு வெகுதூரம் போயிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிறகும் இழுபறிதான். சட்டமன்றம் கொண்டுவந்த திட்டங்களை நீதிமன்றம் தள்ளியது; 1993இல் மக்கள் வாக்கெடுப்பிலும் ஒரு திட்டம் தோற்றது. அந்த ஆண்டே வந்த புதுச் சட்டம்தான் நிலைத்தது: சொத்து மிகுந்த மாவட்டங்கள் வசூலிக்கும் வரியில் ஒரு பகுதியை மாநிலம் மற்றவற்றுக்காக எடுத்துக்கொள்ளும். ராபின் ஹூட் திட்டம் என்று அதற்கு ஊர்ப் பெயர். எட்ஜ்வுட்டின் பள்ளிகளுக்கு அதனால் பணம் கூடியது.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் சொத்து வரி கனம். அண்ணன் ஆண்டுதோறும் கட்டும் வரியில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குத்தான். நல்ல பள்ளி என்று பெயர் வந்தால் வீட்டு விலை ஏறும். விலை ஏறினால் வசதியுள்ளவர்களே குடிவருவார்கள். கூடுதல் விலை கொடுத்து அவன் வாங்கியது அந்த ஊரின் பள்ளிக்குள் நுழையும் உரிமையையும் சேர்த்துத்தான். தகப்பனாக அவன் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த விலை கொடுக்க முடியாதவரின் பிள்ளை எங்கே படிக்கும் என்று கேட்கும் கடமை அவனுக்கும் உண்டு என்பேன். வாரியக் கூட்டத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று ராபின் ஹூட் திட்டத்தில் மிகுதியாகப் பணம் செலுத்துவது மாநிலத் தலைநகரான ஆஸ்டினின் மாவட்டம். அங்கே நில மதிப்பு விண்ணைத் தொடுகிறது. ஆனால் அதன் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் ஏழைகள். நிலத்தின் விலையை வைத்து ஊரின் செல்வத்தை அளக்கும் கணக்கு அங்கே இடிக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று டெக்சாஸ் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா