மனைவி கேட்டால் சொல்லலாமா?

கேள்வி: நர்சிங் படிக்கும் என் மகள் வார்டு பயிற்சியில் இருக்கிறாள். ஒரு நோயாளிக்கு எச்.ஐ.வி. என்று கேஸ் ஷீட்டில் பார்த்திருக்கிறாள். அவர் மனைவிக்குத் தெரியாது. மறைப்பது பாவமில்லையா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: மகளின் தவிப்பு நியாயமானது. ஆனால் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, துணைவருக்குத் தெரிவிக்க மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உரிமை உண்டு. அவர்களும் முதலில் நோயாளியையே சொல்லும்படி வலியுறுத்த வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியானால், தாங்கள் தெரிவிக்கப்போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கண்டிப்பின் அவசியம் சென்னைக்கு நன்றாகவே தெரியும். நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது இங்கேதான். விஷயம் வெளியே தெரிந்தால் வீடும் வேலையும் போய்விடும் என்ற பயம், எத்தனையோ பேரைப் பரிசோதனைக்கே வரவிடாமல் தடுத்திருக்கிறது.

அதற்காக மாணவி சும்மா இருந்துவிடவும் கூடாது. மனைவிக்குள்ள ஆபத்து நிஜம். அன்றைக்கே வார்டு சிஸ்டரிடமும் பயிற்சி ஆசிரியையிடமும் சொல்லி, ஆலோசகர் வரை விஷயம் போக வழிசெய்ய வேண்டும். மனைவியே கேட்டால் பொய் வேண்டாம். “அதை டாக்டர்தான் சொல்லணும்மா” என்றால் போதும்.

அந்த நோயாளியின் பெயர் உங்கள் வீட்டுப் பேச்சிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா.