கோடை மழை நாளில் வயலுக்கு வரும் விருந்தாளிகள்

பங்குனி, சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் மானாவாரி நிலம் வைத்திருப்போர் ஏரைத் தேடுவது வழக்கம். அதே மழைக்காகக் காத்திருக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வந்து, பனிக்காலம் முழுவதும் தமிழகத்து வயல்களில் இரை தேடிய பறவைகள் ஊர் திரும்பும் காலம் இது. நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை அவை உடலில் சேர்த்தாக வேண்டும். மழை கொட்டும்போது வேலியிலும் மரத்திலும் ஒதுங்கி நிற்கும். மழை விட்டதும் பசியோடு வயலில் இறங்கும்.

அடையாளம் காண்பது எப்படி?

மழை ஓய்ந்த அரை மணி நேரத்தில் வரப்பில் அசையாமல் நின்றால் போதும். மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான் குருவிகள். முதுகு கருநீலம், நெற்றியும் தொண்டையும் செம்மை, வால் கவை போன்றது. ஈரக்காற்றில் பூச்சிகள் தாழப் பறப்பதால் இவையும் தரையை ஒட்டிப் பறந்து பிடிக்கும்.

ஈரத் தரையில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடுவது வாலாட்டிக் குருவி. இதில் மஞ்சள் வகை ஐப்பசியில் மங்கலாகத் தெரியும். பங்குனியில் இறகு மாறி வயிறு பளிச்சென்று மஞ்சளாகிவிடும்.

கூட்டமாக வருவது சூறைக்குருவி. சோளக் கதிரைக் கொத்துவதால் உழவர்களுக்கு இதன்மேல் கோபம் உண்டு. ஆனால் இது வெட்டுக்கிளிகளையும் தின்கிறது. கோடையில் மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்து, வெட்டுக்கிளிகளைப் பிடித்தே அவற்றை வளர்க்கிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளியை ஒடுக்க, இது கூடு கட்டுவதற்கென்றே கற்குவியல்கள் அமைத்துத் தருகிறார்கள்.

உழவும் பறவையும்

நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழு அறுவடைக்குப் பின் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்குகிறது. வரப்போரத்திலும் மரத்தடியிலும் இது அதிகம். அடுத்த பருவத்தில் நல்ல மழை பெய்ததும் அந்துப்பூச்சியாக வெளிவரும். ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆகவே இன்று அழியும் ஒரு கூட்டுப்புழு, நாளைய நூற்றுக்கணக்கான புழுக்களுக்குச் சமம்.

கோடை மழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே ஆழமாக உழுதால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து விழும். வெயிலில் சில காயும். பெரியவற்றைக் கொக்கும் மைனாவும் காகமும் கரிச்சானும் பொறுக்கும். சின்னஞ்சிறு பூச்சிகளை வாலாட்டி பார்த்துக்கொள்ளும். மண்ணும் மழைநீரைப் பிடித்து வைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். வாடகை டிராக்டர் இரவில்தான் கிடைக்கிறது என்று இருட்டில் உழுதால், பறவைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதி வீணாகும். விடிந்ததும் உழவைத் தொடங்குவதே நல்லது. ஏருக்குப் பின்னால் வரும் பறவைகளைச் சிறுவர்கள் கவணால் விரட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

குருணை மருந்தை மண்ணின்மேல் மூடாமல் விட்டால் தானியமென்று நினைத்துப் பறவைகள் கொத்திச் சாகும். மருந்து கலந்த விதை வரப்பில் சிந்தினாலும் இதே கதிதான். சிந்தியதை உடனே மண்ணில் புதைக்க வேண்டும்.

பின்னர் உளுந்து, துவரை பயிரிடுவோர் ஏக்கருக்கு 20 இடங்களில் 'டி' வடிவக் குச்சிகளை நட்டு வைக்கலாம். பயணப் பறவைகள் போன பிறகும் ஊரிலேயே தங்கும் கரிச்சான் அதில் அமர்ந்து காய்ப்புழுவைப் பிடிக்கும். இதற்குச் செலவு குச்சி மட்டுமே.

தகைவிலான் கடைசியாகக் கம்பியில் தெரிந்த நாளையும், மீண்டும் வந்த நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்ல பழக்கம். நாலைந்து ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், விருந்தாளி புறப்படுமுன் கோடை உழவை முடிக்க எத்தனை நாள் இருக்கிறது என்பதை அந்த நாட்காட்டியே சொல்லிவிடும்.