ஒற்றை ஸ்பேடு வந்தால்

கேள்வி: பிரிட்ஜில் மூன்று இனத்தில் நான்கு நான்காகவும் ஒன்றில் ஒற்றையாகவும் சீட்டு விழுந்தால் எதைச் சொல்லித் தொடங்குவது? ஐந்து சீட்டு இல்லாமல் ஸ்பேடோ ஆட்டினோ சொல்லக்கூடாது என்கிறார் என் ஜோடி. வீட்டிலோ இதைச் சூதாட்டம் என்கிறார்கள்.
- வாசகர், சின்ன காஞ்சிபுரம்

பதில்: ஜோடி சொல்வது அவர் ஆடும் முறைக்குச் சரி. இந்த 4-4-4-1 கை நூற்றுக்கு மூன்று தடவைதான் வரும், வந்தால் தலைவலி. டைமண்ட் நான்கு இருந்தால் ஒரு டைமண்ட். டைமண்டே ஒற்றையானால் ஒரு கிளாவர். சிக்கல் இரண்டாம் சுற்றில்தான்.

ஒற்றை ஆட்டின் தொல்லை தராது. அவர் ஒரு ஆட்டின் என்றால் நீங்கள் ஒரு ஸ்பேடு. ஒற்றை ஸ்பேடுதான் சனியன்! உங்கள் ஒரு டைமண்டுக்கு அவர் ஒரு ஸ்பேடு என்பார். இரண்டு ஆட்டின் சொல்ல 17 புள்ளியாவது வேண்டும். இரண்டு கிளாவர் சொன்னால் டைமண்ட் ஐந்து என்று நினைப்பார். ஒற்றைச் சீட்டு ஏஸோ ராஜாவோ என்றால் துணிந்து ஒரு நோ-ட்ரம்ப் சொல்லுங்கள். இல்லையேல் இரண்டு கிளாவர் பொய்யே மேல். 11 புள்ளிதான் என்றால் முதலிலேயே பாஸ். கோழைத்தனம் என்பார்கள், பரவாயில்லை.

சி.சி.வெய் வகுத்த பிரிசிஷன் முறையில், டைமண்ட் குறைந்த 11-15 புள்ளிக் கைக்கென்றே 'இரண்டு டைமண்ட்' ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையோடு போன தைவான் அணி 1969 உலகப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது.

வீட்டாரிடம், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியது பிரிட்ஜில்தான் என்று சொல்லிப் பாருங்கள்.