புள்ளி தொலையாமல் ஸ்கேன் செய்யுங்கள்

பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மின்னாக்கம் செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த ஸ்கேனர் வாங்கலாம்?” என்றுதான். “கோப்புகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். ஸ்கேனர் தருகிற பெயரை அப்படியே விட்டுவைத்தால், ஆயிரம் பக்கம் சேர்ந்தபின் எது எந்த இதழ் என்று யாருக்கும் தெரியாது. ஆண்டு, மாதம், பக்கம் என்ற வரிசையில் 1952-03-007 என்பதுபோல் வையுங்கள். முன்னால் பூஜ்யம் வேண்டும். இல்லாவிட்டால் பல மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். பழைய இதழ்களில் பவ வருஷம் ஆவணி மாதம் என்று மட்டும் போட்டிருக்கும். பவ ஆண்டு 1934இலும் வந்தது, 1994இலும் வந்தது. ஆங்கில ஆண்டைக் கணக்கிட்டு அன்றே எழுதிவிடுங்கள்.

ஸ்கேன் செய்ய 300 டிபிஐ போதும். அடிக்குறிப்பு பொடி எழுத்தில் இருந்தால் 400க்குப் போங்கள். மூலப்படத்தை டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்குத் தனியாக பிடிஎஃப் செய்யலாம். நான் பிடிவாதமாக இருப்பது ஒரு விஷயத்தில்தான்: மூலப்படம் வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ இருக்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கச் சுத்தக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறார்கள். அதோடு, தாளின் கறையை நீக்கும் ‘டெஸ்பெக்கிள்’ வசதியையும் போட்டுவிடுகிறார்கள். தாளில் இருக்கும் அழுக்கையும் மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளியையும் அந்த வசதிக்குப் பிரித்தறியத் தெரியாது. மங்கிய அச்சில் ‘பட்டம்’ என்பது ‘படடம’ ஆகிவிடும். மூலத்தாள் உதிர்ந்துபோன பிறகு அந்தப் புள்ளிகளை எங்கிருந்து மீட்பது? ஆங்கில நூல்களுக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை கண்ணில் படுவதில்லை.

படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலே எழுத்துகள் பிரிந்து வந்துவிடும். கட்டுக்கட்டாகச் செய்ய, இணையம் இல்லாமலே இயங்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. பத்திரிகைப் பக்கமானால் பத்திகளைத் தனித்தனியாக வெட்டிக் கொடுங்கள். முழுப் பக்கமாகக் கொடுத்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் சில சமயம் கலந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சானால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா பழைய வடிவில் வருகிற இடங்களைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். தமிழ் எண்களையும் எழுத்துணரி எழுத்தாகப் படித்துவிடும்: ௧ க ஆகிவிடும், ௨ உ ஆகிவிடும், ௭ எ ஆகிவிடும்.

மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணையும் ஏமாற்றுகிற பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’ என்று தட்டச்சு செய்வதற்குப் பதில் ஒற்றைக் கொம்பு, க, ள என்று சேர்த்து ‘கெளரி’ என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். கௌரி என்று தேடுகிற ஆய்வாளருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. ‘மௌனம்’, ‘சௌகரியம்’, ‘ஔவை’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ எல்லாம் சரியான சொற்கள், அவையும் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மின்னாக்கத்தின் பயன் தேடுகிறவருக்குக் கிடைப்பதில்தான் இருக்கிறது. அதனால் இந்த வேலைக்கு நான் நேரம் ஒதுக்காமல் இருந்ததில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் கையில் இருந்தால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். யூனிகோடு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் இதே சோதனையை அவற்றுக்கும் செய்யுங்கள்.

படிகள் மூன்று வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் சேர்ந்தே அழிந்தன. ஒரே வீட்டில் மூன்று ஹார்டு டிஸ்க் வைத்திருப்பதை நான் ஒரு படியாகத்தான் கணக்கில் எடுப்பேன்.

வேலையைத் தொடங்குமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நூலகம் திட்டத்திலும் மதுரைத் திட்டத்திலும் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு; அதற்குள்ளென்றால் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இதழ்கள் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அட்டையையும் முதல் பக்கத்தையும் செல்பேசியில் படமெடுத்து, இந்த வேலையில் இருக்கும் யாருக்காவது அனுப்பிக் கேளுங்கள்.